மலை ஸ்கூல் குப்பைக்கு எது சரி: பஞ்சாயத்து வண்டியா, குழியா, குழாயா, பெட்டியா?

கோத்தகிரி பக்கம் எங்க பிள்ளைங்க படிக்கிற அரசுப் பள்ளில மேலாண்மைக் குழு மீட்டிங் நடந்தப்ப பாதி நேரம் குப்பைப் பேச்சுலயே போச்சு. ஒரு அண்ணன் பின்னாடி குழி தோண்டிடலாம்னார், இன்னொருத்தர் யூடியூப்ல பார்த்த பி.வி.சி. குழாய் உரம் போடலாம்னார், டீச்சர் ஒருத்தங்க மண்புழு உரம்னாங்க, எதுக்கு இவ்வளவு தலைவலி எல்லாத்தையும் பஞ்சாயத்து வண்டில ஏத்திடுங்கன்னு ரெண்டு பேர். சத்துணவு சமைக்கிற அக்கா மட்டும், "எதுன்னாலும் போடுங்க சார், ராத்திரி கரடி வராத மாதிரி போடுங்க, காலைல வந்து கதவத் தொறக்கறது நாந்தான்"னாங்க.

அந்த அக்கா சொன்னத வச்சுத்தான் நான் இத எல்லாத்தையும் எடை போட்டுப் பார்க்கறேன். கோயமுத்தூர்லயோ ஈரோட்லயோ ஒரு ஸ்கூலுக்கு எது மலிவு, எது வாசம் வராதுன்னு பார்த்தா போதும். மலைல அப்படி இல்ல, இங்க முதல் கேள்வியே சோத்து மிச்சம் ராத்திரில எங்க இருக்கும்கறதுதான். கரடி சத்துணவுக் கூடத்துக் கதவ உடைச்சு எண்ணெயக் குடிச்சுட்டுப் போறது கோத்தகிரி குன்னூர் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, கூடலூர்ப் பக்கம் யானை ரேஷன் கடையவே உடைச்சு அரிசி திங்குது, கொடைக்கானல் டவுனுக்குள்ள காட்டெருமை சாதாரணமா நடந்து போகுது, காட்டுப்பன்னி, முள்ளம்பன்னி, குரங்கு எல்லாம் கணக்குல சேர்த்துக்கணும். காலைல எட்டு மணிக்கு அதே பாதைலதான் அஞ்சு வயசுப் பிள்ளைங்க நடந்து வருது.

முதல்ல என்ன குப்பை வருதுன்னு பார்ப்போம், ஏன்னா நிறைய பேர் இத பார்க்காமலே தொட்டி வாங்கப் போறாங்க. தொடக்கப் பள்ளின்னா காலை உணவும் உண்டு மதியச் சத்துணவும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, அதுல உப்புமா, கிச்சடி, பொங்கல். மதியம் வாரத்துக்கு அஞ்சு நாளும் முட்டை. ஆக ஈரக் குப்பைதான் எடைல முக்கால்வாசிக்கு மேல, காய்த்தோல், சாத மிச்சம், பிள்ளைங்க ஒதுக்கி வைக்கிற கத்திரிக்காய், முட்டை ஓடு. அப்புறம் பேப்பர். அப்புறம் மிட்டாய், பிஸ்கட் கவர், தீர்ந்துபோன பேனா. சத்துணவுக் கூடத்துலேர்ந்து எண்ணெய் பாக்கெட் கவர். மேல்நிலைப் பள்ளின்னா நாப்கின். இந்த ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற வேற, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மெஷின் விக்க வர்றவங்கள நம்பாதீங்க.

பஞ்சாயத்து வண்டிலேர்ந்து ஆரம்பிக்கறேன். அதுக்கு நல்ல பக்கம் உண்டு, காசு கிடையாது, தூய்மைக் காவலர் அக்காங்க வந்து எடுத்துட்டுப் போறாங்க, ஸ்கூல்ல யாரும் எதையும் பராமரிக்க வேண்டாம். ரோட்டோரமா டவுன்ல இருக்கற ஸ்கூலுக்கு இது நடைமுறைல ஒத்து வரும். ஆனா எஸ்டேட் லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க) தாண்டி இருக்கற ஸ்கூலுக்கு, ரோட்டுலேர்ந்து படி இறங்கிப் போற ஹட்டி (படுகர் கிராமம்) ஸ்கூலுக்கு, வண்டி தினமும் வராது, மழை நாள்ல ரோட்ல மண் சரிஞ்சா வரவே வராது. வெள்ளிக்கிழமை மதியச் சோறு திங்கக்கிழமை வரைக்கும் பக்கெட்ல நிக்கும். வண்டி வந்து எடுத்தாலும் அது போற இடம் இன்னொரு மலைச்சரிவுதான, ஊட்டிக் குப்பை தீட்டுக்கல்லுக்குப் போகுது, கொடைக்கானல் குப்பை பிரகாசபுரத்துக்குப் போகுது. குன்னூர்ல ஓட்டுப்பட்டறைல பிரிச்செடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பற வேலை நல்லா நடக்குது, அத நேர்ல போய்ப் பாருங்க, அங்க பெல்ட்ல பிரிக்கறவங்க கைக்குச் சாம்பார் ஒட்டின நோட்டும் சாம்பார் ஒட்டின கவரும் வந்தா அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. திடக்கழிவு விதிகளே ஈரம், உலர்னு வகை வகையாப் பிரிச்சுக் கொடுக்கறது குப்பைய உண்டாக்கறவங்க பொறுப்புன்னு சொல்லுது. அதனால வண்டி வேணாம்னு நான் சொல்லல, சோறு ஒட்டாத குப்பை மட்டும் வண்டிக்குப் போகட்டும்ங்கறேன்.

எரிக்கறது பத்தி நீட்ட வேண்டாம். அது சட்டப்படியும் தப்பு, அதுலயும் மலைல பனி மூட்டம் இறங்கின காலை நேரத்துல புகை மேல ஏறாது, பள்ளத்துலயே படுத்துக் கிடக்கும், கிளாஸ்ரூம் ஜன்னலுக்குள்ளதான் வரும். பிளாஸ்டிக் எரிஞ்ச புகைய ப்ரேயர்ல நிக்கிற பிள்ளைங்க இழுக்குது. இன்னமும் சில ஸ்கூல்ல பின்பக்கம் கருகின திட்டு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, பார்க்கறப்ப வயிறு எரியுது.

குழி. இது பழக்கமானது, கீழ ஊர்ல எங்க தாத்தா பாட்டி காலத்துலேர்ந்து எருக்குழி இருக்கு, செலவும் கம்மி, ஒரு நாள் ரெண்டு ஆளுக் கூலி. ஆனா நீலகிரில குழிக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு மழை. கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர் கோத்தகிரி பக்கம் வடகிழக்கு, எந்தப் பக்கம்னாலும் குழி கிணறாயிடும், தண்ணி தேங்கினா காத்து போகாது, காத்து போகலன்னா மக்காது, அழுகி நாறும். ரெண்டாவது சரிவு. மலை ஸ்கூல்ல சமதளம்னு இருக்கறதே கிரவுண்டும் கட்டடமும்தான், மிச்சமெல்லாம் தடுப்புச் சுவருக்கு மேலயோ கீழயோதான் இருக்கும், அந்த இடத்துல குழி தோண்டி மழைத் தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கி விடறது ரொம்ப ஆபத்து. 2009 நவம்பர் நிலச்சரிவு இங்க யாருக்கும் மறந்திருக்காது. தடுப்புச் சுவர்லேர்ந்து தள்ளி, இலையும் செடியும் மட்டும் போட, மேல ஷீட் போட்ட ஆழமில்லாத குழின்னா பரவால்ல. சோறு போடற குழிக்கு என் ஓட்டு கிடையாது, காட்டுப்பன்னி ஒரே ராத்திரில கிளறிப் போட்டுடும்.

இப்ப குழாய். கேரளால வீட்டுக்கு வீடு பிரபலமான முறை இது, எட்டு இஞ்ச் பி.வி.சி. குழாய நாலடி நாலேகாலடிக்கு வெட்டி, ஒரு அடி மண்ணுல நட்டு, மேல மூடி போட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா போட்டுட்டு வரணும், ரெண்டு குழாய் இருந்தா மாத்தி மாத்தி ஓட்டலாம். வீட்டுக்கு நல்ல யோசனைதான். ஸ்கூலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, நாலடி உயரத்துக்கு எட்டு இஞ்ச் குழாய்னா உள்ள பிடிக்கிறது 38 லிட்டர் மாதிரிதான். நூறு பிள்ளைங்க சாப்பிடற இடத்துல காய்த்தோலும் மிச்சமும் சேர்த்து நாளைக்கு அஞ்சு கிலோன்னு வச்சா கூட ஒரு வாரம் பத்து நாள்ல ரொம்பிடும், உள்ள போட்டது உரமாக ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அப்ப அந்த மாசத்துக்கே எத்தனை குழாய் நட்டு வைக்கறது? இன்னொண்ணு குளிர். மக்கறப்ப நுண்ணுயிர் வேலை செஞ்சு சூடு கிளம்பணும், அந்தச் சூடு உள்ளயே தங்கினாத்தான் வேகமா மக்கும், புழுவும் கிருமியும் சாகும். குறுகலான குழாய்ல சூடு தங்கறதில்ல, ஊட்டில டிசம்பர் ஜனவரில புல் மேல உறைபனி வெள்ளையா கிடக்கறப்ப அந்தக் குழாய்க்குள்ள என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது, போட்டது போட்டபடி இருக்கும். குழாய ஸ்டாஃப் ரூம் பக்கத்துல டீத்தூள், பழத்தோல் போட வச்சுக்கலாம், பிள்ளைங்களுக்குக் காட்டறதுக்கும் நல்லது, அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பார்க்க வேண்டாம்.

மண்புழுவ நான் குறைச்சுப் பேசல, அது குடுக்கற உரம்தான் எல்லாத்துலயும் ஒசத்தி. ஆனா அது உயிர், லீவு கிடையாது. உப்பு, எண்ணெய், புளிப்பு, காரம் எல்லாம் அதுக்கு ஆகாது, எலுமிச்சை சாதமும் சாம்பார் சாதமும் கொட்டினா செத்துப் போகும் இல்ல தப்பிச்சு ஓடும். காய்த்தோலும் காஞ்ச இலையும் மட்டும் கொடுக்க முடியற ஸ்கூல், ஆர்வமா ஒரு டீச்சர் இருக்கற ஸ்கூல், மே மாசமும் யாராவது வந்து ஈரம் பார்க்கற ஸ்கூல், இந்த மூணும் ஒண்ணா அமைஞ்சா தாராளமா பண்ணுங்க. ஆர்வமான டீச்சர் டிரான்ஸ்ஃபர்ல போனா அடுத்து யார்னு கேட்டுட்டு ஆரம்பிங்க, எத்தனையோ ஸ்கூல்ல மண்புழுத் தொட்டி இன்னிக்குத் தட்டுமுட்டுச் சாமான் போடற தொட்டியாக் கிடக்கு.

பயோகேஸ் கேக்க ஆசையா இருக்கும், சத்துணவு அடுப்புக்கே கேஸ் வருமேன்னு. மீத்தேன் உண்டாக்கற நுண்ணுயிருக்கு 30 டிகிரிக்கு மேல வெதுவெதுப்பு வேணும், 15க்குக் கீழ போனா ரொம்ப மந்தமாயிடும், 10க்குக் கீழ கிட்டத்தட்ட நின்னுடும். 2,200 மீட்டர் உயரத்துல இருக்கற ஊட்டிக்கும் 2,100 மீட்டர் கொடைக்கானலுக்கும் அது ஒத்து வராது. ஆயிரம் மீட்டர் சுமார் இருக்கற கூடலூருக்கு, பழனி மலைல தாண்டிக்குடி, பண்ணைக்காடு மாதிரி காப்பித் தோட்ட ஊருங்களுக்கு ஓரளவு ஓடும். அங்கயும் கணக்கு இதுதான்: பத்து கிலோ சோத்து மிச்சம் போட்டா ஏறக்குறைய ஒரு கன மீட்டர் கேஸ் வரும், அது அரை கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். ஒரு ஸ்கூல்ல தினமும் பத்து கிலோ சோறு மிஞ்சுதுன்னா பிளான்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஏன் மிஞ்சுதுன்னு பார்க்கறதுதான் முறை.

இனி பெட்டி. எனக்குப் பிடிச்சது இதுதான்னு இப்பவே சொல்லிடறேன், ஏன்னும் சொல்றேன். கேரளால சாலக்குடி பக்கம் தும்பூர்முழில கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணைல உருவாக்கின முறை இது, நாலடிக்கு நாலடிக்கு நாலடி பெட்டி, பக்கவாட்டுல காத்துப் போக இடைவெளி, அடில ஆறு இஞ்ச் மாட்டுச் சாணம், மேல ஆறு இஞ்ச் காஞ்ச இலை, அது மேல அன்னிக்கு வந்த ஈரக் குப்பை, திரும்பச் சாணம், இலை, குப்பை, இப்படி அடுக்கிட்டே வரணும், ரொம்பினதும் 90 நாள் தொடாம விட்டா உரம். கிளற வேண்டியதில்ல. காஞ்ச இலை சரியாப் போட்டா வாசமும் கிடையாது, கீழ தண்ணியும் வடியாது. கொள்ளளவு 1,800 லிட்டர் சுமார், அதாவது முன்னாடி சொன்ன குழாய் 48 நட்டா எவ்வளவோ அவ்வளவு ஒரே பெட்டில. அந்த அளவுக்குக் குவியல் பெருசா இருக்கறதாலதான் நடுவுல 60, 70 டிகிரி வரைக்கும் சூடு ஏறுது, வெளிய குளிர் அடிச்சாலும் உள்ள கை வைக்க முடியாத சூடு இருக்கும். குளிர் ஊருக்குக் குழாய விடப் பெட்டி மேல்ங்கறதுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

அதுக்கு நம்ம ஊருக்குன்னு சில மாத்தம் பண்ணணும், அப்படியே காப்பி அடிச்சா நடக்காது. பக்கவாட்டு இடைவெளிக்கு உள்பக்கம் வெல்டு மெஷ், அதாவது இரும்புக் கம்பி வலை, அடிக்கணும், எலியும் உள்ள போகக் கூடாது. மேல இரும்புச் சட்டத்துல மூடி, கொண்டி, பூட்டு. அதுக்கும் மேல ஷீட் கூரை, சாரல் அடிக்கிற பக்கம் கொஞ்சம் இறக்கி. இடம் ரொம்ப முக்கியம், தேயிலைச் செடி ஓரத்துல வைக்காதீங்க, கரடியும் சிறுத்தையும் அந்த மறைப்புலதான் நிக்கும், நாலு பக்கமும் தெரியற திறந்த இடத்துல, கிளாஸ்ரூம்லேர்ந்தும் டாய்லெட் போற வழிலேர்ந்தும் தள்ளி வைங்க. மதியம் ஒன்றரைக்குப் பிள்ளைங்க சாப்பிட்டு முடிச்சா ரெண்டரைக்குள்ள போட்டு, மேல அரை அடிக்கு இலை மூடி, பூட்டிடணும், சாயங்காலத்துக்குத் தள்ளக் கூடாது. இலை எந்த இலைன்னும் பார்க்கணும், கற்பூர மர இலைல தைலம் இருக்கறதால லேசுல மக்காது, பைன் ஊசி அதுக்கும் மேல. சில்வர் ஓக் இலை, கவாத்துல வெட்டின தேயிலைக் குச்சில ரொம்பப் பொடிசானது, காஞ்ச புல், இதெல்லாம் நல்லது. ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் இலை காஞ்சு கிடக்கறப்பவே சாக்குல கட்டி வராந்தால அடுக்கிக்கோங்க, மழை மாசத்துல காஞ்ச இலைக்குப் போக இடம் இருக்காது, அப்பதான் பெட்டி நாற ஆரம்பிக்கும், எல்லாரும் பெட்டியத் திட்டுவாங்க.

முட்டை ஓட்டப் பத்தித் தனியாச் சொல்லணும். ஒரு முட்டை ஓடு அஞ்சாறு கிராம் இருக்கும், நூறு பிள்ளைங்கன்னா தினமும் அரை கிலோ, வாரத்துக்கு ரெண்டரை மூணு கிலோ. இத எல்லாரும் குப்பைன்னுதான் கொட்டறாங்க. நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணு, அதனாலதான் தேயிலை நல்லா வருது, ஆனா கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸுக்கு அந்தப் புளிப்பு ஆகாதுன்னு விவசாயிங்க காசு கொடுத்து சுண்ணாம்பு, டோலமைட் வாங்கிப் போடறாங்க. முட்டை ஓடும் சுண்ணாம்புச் சத்துதான். கழுவி, சத்துணவு அடுப்புச் சூட்டுல காய வச்சு, பழைய ஆட்டுக்கல்லுலயோ மிக்சிலயோ மாவா அரைச்சு ஸ்கூல் காய்கறித் தோட்டத்துல போடுங்க, துண்டு துண்டா போட்டா கரைய வருஷக்கணக்கா ஆகும், மாவாத்தான் போடணும். கழுவின ஓட்டுல வாசம் இருக்காது, மிருகமும் வராது. இத நாலாம் கிளாஸ் பிள்ளைங்களே பண்ணுவாங்க, சயின்ஸ் பாடமும் ஆச்சு.

பெட்டிய இவ்வளவு புகழ்ந்துட்டு அது ஒத்து வராத இடத்தையும் சொல்லணும். மசினகுடி, கூடலூர், பந்தலூர்ல யானை தினசரி நடமாடற ஸ்கூலுக்குச் சோறு போடற பெட்டி வேண்டாம். உப்புப் போட்ட சோத்து வாசத்துக்கு யானை வந்தா வெல்டு மெஷ்ஷும் பூட்டும் ஒரு நிமிஷம் தாங்காது, பெட்டியோட போனாப் பரவால்ல, பக்கத்துல ஆள் வீடு இருக்கும். அங்க காய்த்தோலும் இலையும் மட்டும் பெட்டிக்கு, சோறு அன்னிக்கே ஸ்கூல விட்டு வெளிய போயிடணும். அதுக்கு நல்ல வழி மாடு வச்சிருக்கறவங்க. கழனித் தண்ணியும் காய்த்தோலும் மாட்டுக்குக் கொடுக்கறது புதுசா, நம்ம வீட்ல எல்லாம் நடக்கறதுதான. மதியம் ரெண்டு மணிக்கு வந்து பக்கெட் எடுத்துட்டுப் போற ஒரு ஆள் கிடைச்சா, உண்மையச் சொன்னா எந்தப் பெட்டியும் குழாயும் அதுக்கு ஈடில்ல, செலவும் இல்ல, ராத்திரிக்கு ஒண்ணும் மிஞ்சாது. ரெண்டு விஷயம் மட்டும் கவனம், வெந்த சோறு ஒரே மாட்டுக்கு மொத்தமா வச்சா வயித்துல அமிலம் கூடி மாடே படுத்துடும், அதனால ரெண்டு மூணு வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுங்க. பக்கெட்ல ஒரு பிளாஸ்டிக் கவர் கூட விழக் கூடாது, முட்டை ஓடும் அதுல வேண்டாம்.

ஆனா இந்த எல்லா ஆப்ஷனையும் விட மேல ஒண்ணு இருக்கு, மிச்சமே கம்மியா வர்றது. காலைல எட்டரைக்கு ஒரு தட்டுப் பொங்கல் சாப்பிட்ட பிள்ளை மதியம் பன்னண்டரைக்கு முழுத் தட்டு சாதம் சாப்பிடாது. முதல்ல அரைக் கரண்டி, அப்புறம் கேட்டா இன்னொரு கரண்டின்னு வச்சாலே தட்டுல மிஞ்சறது நல்லாக் குறையும். காலைல ஹாஜர் எடுக்கறப்பவே அன்னிக்கு எத்தனை பேர் சாப்பிடறாங்கன்னு கை தூக்கச் சொல்லி எண்ணி அக்காகிட்டச் சொல்லிடணும், மழை நாள்ல பாதிப் பிள்ளைங்க வராதப்ப முழு அரிசியும் வெந்து போயிருக்கும். ஒரு வாரம் தராசு வச்சுத் தட்டு மிச்சத்தத் தனியா, காய்த்தோலத் தனியா எடை போட்டு போர்டுல எழுதுங்க. எந்தக் கிழமை எந்த சாதம் அதிகம் மிஞ்சுதுன்னு அதுல தெரிஞ்சுடும். பிள்ளை சாப்பிடலன்னு அதட்டறதுக்கு அந்த எடைய யூஸ் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. பசியோட வர்ற பிள்ளைங்க இருக்கற ஸ்கூல் இது, அளவு குறையறது தட்டுல மிஞ்சற அளவாத்தான் இருக்கணும், வயித்துக்குப் போற அளவு குறையக் கூடாது.

உலர் குப்பைக்கு வர்றேன். இதுல பேப்பர் ரொம்ப சுலபம், காசும் வரும், அதனால சண்டையும் வரும். பழைய பேப்பர் கடைக்குப் போடறதா, பஞ்சாயத்து வண்டிக்குப் போடறதான்னு கேட்டா கடைதான். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டில பழைய பேப்பர்லேர்ந்து அட்டை செய்யற ஐ.டி.சி. மில்லே இருக்கு, நம்ம மலை பேப்பர் இறங்கிப் போறதுக்கு வழி உண்டு. ஆனா பனில ஈரம் ஏறின பேப்பருக்குக் கடைக்காரர் எடையக் கழிப்பார், சாம்பார் பட்டதுக்கு விலையே கிடையாது, அதனால வராந்தால வைக்காம கிளாஸ்ரூம் மூலைல ஒரு அட்டைப்பெட்டில சேருங்க. பருவம் முடிஞ்சதும் நோட்ல எழுதாத பக்கத்தக் கிழிச்சு ரஃப் நோட்டாத் தைச்சுட்டு மிச்சத்தப் போடுங்க. வர்ற காசு எவ்வளவுன்னு மேலாண்மைக் குழு நோட்ல எழுதி எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க, கொஞ்சக் காசுதான்னு விட்டா அதுல ஒருத்தர் மேல சந்தேகம் வந்து அந்த வேலையே நின்னுடும்.

மிட்டாய் கவர், சிப்ஸ் கவருக்கு நேர்மையான பதில், அதுக்கு மறுசுழற்சின்னு ஒண்ணும் பெருசா இல்ல. வெளிய பிளாஸ்டிக், உள்ள அலுமினியம் பூச்சு, ரெண்டையும் பிரிக்க முடியாது, பழைய பேப்பர் கடைல தொட மாட்டாங்க, நல்லபடியாப் போனா சிமெண்ட் ஃபேக்டரி சூளைல எரிபொருளாப் போகும், அவ்வளவுதான். அதனால பாட்டில்ல கவரத் திணிச்சு செங்கல் பண்றது மாதிரி ஐடியாவுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன், பிள்ளைங்க கவர் சேர்க்கறதுக்காகவே சிப்ஸ் வாங்கும், அந்த பாட்டில் சுவரும் வெயில் மழைல உடைஞ்சு கடைசில பள்ளத்துக்குத்தான் போகும். உள்ள வராம பார்க்கறதுதான் இதுக்கு வழி. நம்ம மாவட்டத்துக்கு இது புதுசும் இல்ல, தமிழ்நாடு முழுக்க 14 பிளாஸ்டிக் பொருளுக்குத் தடை வந்தது 2019 ஜனவரிலதான், அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி 2000ங்கள் ஆரம்பத்துலயே சுப்ரியா சாகு கலெக்டரா இருந்தப்ப நீலகிரில பிளாஸ்டிக் ஒழிப்பு ஆரம்பிச்சாச்சு. டாஸ்மாக் காலி பாட்டிலுக்குப் பத்து ரூபா திரும்பக் கொடுக்கற முறையும் 2022ல இங்கதான் முதல்ல வந்துச்சு, அதுக்கப்புறம் தேயிலைக்குள்ள உடைஞ்ச பாட்டில் கிடக்கறது குறைஞ்சுது, இலை பறிக்கற அக்காங்க காலக் கேட்டாத் தெரியும். பிறந்தநாளுக்குக் கிளாஸ் முழுக்கக் கவர் மிட்டாய் கொடுக்கறதுக்குப் பதிலா வீட்லேர்ந்து எவர்சில்வர் டப்பால வர்க்கியோ கடலை உருண்டையோ கொண்டு வரட்டும்னு ஹெச்.எம். ப்ரேயர்ல ஒரு தடவை சொன்னாலே போதும். வசதி இல்லாத பிள்ளை ஒண்ணும் கொண்டு வரலன்னாலும் சரின்னு அதே மூச்சுலச் சொல்லணும்.

எண்ணெய் கவர் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா கரடி விஷயத்துல இதுதான் பெரிய ஆள். காலியான கவர வெட்டிக் குப்பைக் கூடைல போடறப்ப உள்ள ஒரு ஸ்பூன் எண்ணெய் ஒட்டிட்டு இருக்கும், அந்த வாசம் ராத்திரி முழுக்க வீசும். தாளிக்கறதுக்கு முன்னாடி கவரப் பாத்திரத்து மேல தலைகீழா ஒரு கிளிப்புல தொங்க விட்டா ஒரு சொட்டு விடாம இறங்கிடும், அப்புறம் அடுப்புல இருக்கற சுடு தண்ணில சோப்பு போட்டு அலசிக் காய வச்சா அது சுத்தமான பிளாஸ்டிக் ஷீட், கடைல வாங்கிப்பாங்க. இது சமையல் உதவியாளர் அக்காவுக்குக் கூடுதல் வேலை, அத மறைக்கக் கூடாது. பேப்பர் வித்த காசுலேர்ந்து அவங்களுக்குக் கையுறை, ஏப்ரன், சோப்பு வாங்கிக் கொடுக்கறது குறைஞ்சபட்ச மரியாதை.

நாப்கினுக்கு வர்றேன், மீட்டிங்ல ஆம்பளைங்க இருந்தா இந்தப் பேச்சே வராது, அதனால நிறைய ஸ்கூல்ல முடிவே எடுக்காம விட்டு டாய்லெட் அடைச்சுப் போய் பொண்ணுங்க அந்த மூணு நாள் லீவு போடறது நடக்குது. அரசோட புது யுகம் திட்டத்துல நாப்கின் இலவசமா வருது, நல்லது, ஆனா யூஸ் பண்ணினது எங்க போகணும்? சுவர்ல மாட்டற சின்ன எரிப்பான் ஒரு வழி. அது 800 டிகிரிக்கு மேல போய் எரியலன்னா உள்ள இருக்கற பிளாஸ்டிக் விஷப் புகையாத்தான் வரும், கரண்ட் அடிக்கடி போற ஊர்ல பாதி வெந்து நிக்கும், சிம்னி இல்லாம டாய்லெட்டுக்குள்ளயே மாட்டி வச்சா இன்னும் மோசம். துணி நாப்கின் குப்பையே வராதுன்னு சொல்றாங்க, உண்மைதான், ஆனா ஜூலை மாசப் பனிலயும் சாரல்லயும் ஸ்கூல் யூனிஃபார்மே மூணு நாள் காயறதில்ல, வெயில் படாத துணிய அந்த இடத்துல வைக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. அது அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் எடுக்க வேண்டிய முடிவு, ஸ்கூல் திணிக்கக் கூடாது. ஸ்கூல் பண்ண வேண்டியது ஒவ்வொரு டாய்லெட்டுக்குள்ளயும் மூடி போட்ட ஒரு டப்பா, பக்கத்துலயே சுத்தறதுக்குப் பழைய நியூஸ் பேப்பர், வாரத்துல குறிச்ச நாள்ல தனியா அடையாளம் போட்ட பையில பஞ்சாயத்து வண்டிக்கு. ராத்திரி அது வெளிய நிக்காம உள்ளயே பூட்டி இருக்கணும், நாய் இழுத்துட்டுப் போனா அடுத்த நாள் எந்தப் பொண்ணும் அந்த டப்பாவத் தொடாது.

பழைய மானிட்டர், யு.பி.எஸ். பேட்டரி எல்லாம் அரசு ஸ்டாக், காயலான் கடைல போட முடியாது, ஸ்டாக் ரெஜிஸ்டர்லேர்ந்து கழிக்கற வழிலதான் போகணும், அதுவரைக்கும் ஒரு ரூம்ல ஈரம் படாம வைங்க.

யார் செய்யறதுங்கறதுதான் மிச்சம். பிள்ளைங்க செய்யலாம், ஆனா அழுகினதத் தொடற வேலை பிள்ளைங்களுக்குக் கிடையாது, குறிப்பா ஒரே வீட்டுப் பிள்ளைங்க, ஒரே லயன் பிள்ளைங்களே திரும்பத் திரும்ப அந்த வேலைல நிக்கக் கூடாது, இது நடக்கற ஸ்கூல் இருக்கு, யார்னு சொல்ல வேண்டாம். மகிழ் முற்றம்னு அரசுப் பள்ளில பிள்ளைங்களப் பிரிச்சு குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு குழு இருக்கே, வாரம் ஒரு குழு முறை வச்சு, இலை அள்ளறது, பேப்பர் பிரிக்கறது, எடை எழுதறது மட்டும் கொடுங்க, டீச்சரும் கூட நிக்கட்டும். பெட்டில போடறது, பூட்டறது பெரியவங்க வேலை, அதுக்கு ஒரு பேர் எழுதி ஒட்டுங்க, அந்த ஆள் லீவுன்னா அடுத்த பேர்.

எங்க ஸ்கூலுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கறது இப்படி: நாலடிப் பெட்டி ரெண்டு, ஒண்ணு ரொம்பறப்ப இன்னொண்ணு மக்கும். தட்டுல மிஞ்சற சோறு எடுத்துட்டுப் போக ஆள் கிடைச்சா மாட்டுக்கு, இல்லன்னா காய்த்தோலோட பெட்டிக்கு. பேப்பர் கடைக்கு, கவரும் நாப்கினும் தனித்தனியா வண்டிக்கு. ஏப்ரல்ல பரீட்சை முடியற வாரம் பெட்டில சோறு போடறத நிறுத்திட்டு, கடைசி அடுக்கா சாணமும் ஒரு அடி இலையும் போட்டு மூடிட்டா மே மாசம் யாரும் வராட்டியும் அது பாட்டுக்கு மக்கும். சத்துணவுக் கூடத்துல ஒரு சொட்டு எண்ணெயோ ஒரு கைப்பிடிப் பருப்போ லீவுல வைக்காம திரும்ப ஒப்படைக்கணும்னும் சேர்த்திருக்கேன். பெட்டிக்கு வெல்டு மெஷ்ஷும் மூடியும் அடிச்சுத் தர வெல்டிங் பட்டறைல ரெண்டு இடத்துல விலை கேட்டு அடுத்த மீட்டிங்குக்குக் கொண்டு வர்றதா ஒத்துக்கிட்டிருக்கேன்.